பால்ராஜ் வீட்டு பியட்டின் நடுக்கம்

அத்தியாயம் 6

கற்பகம் என் அலுவலகத்துக்குள் வந்து நின்றாள். நாற்காலியைக் காட்டினேன். அதை அவள் பார்க்கக்கூட இல்லை.

"நீங்க பேசுனதை இன்னும் போன்லயே வச்சிருக்கேன். போட்டுக் காட்டவா?"

"வேணாம்மா," என்றேன்.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால், போடி வண்டிக்காரர்கள் நானூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். சிலமலை பால்ராஜின் பழைய பியட் காரை மெக்கானிக் சின்னமுத்து சர்வீஸ் செய்து கொடுத்தார். மூன்றாம் நாளே வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. ஸ்டார்ட் ஆனாலும் நின்ற இடத்தில் நடுங்கி அணைந்தது. ஆகவே சின்னமுத்து நல்ல கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு ஓட்டை கார்புரேட்டரை மாட்டிவிட்டார் என்று, துப்பறியும் பாண்டித்துரையாகிய நான் தீர்ப்பே சொல்லிவிட்டேன். யாரும் என்னிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. கற்பகம் அந்தச் சின்னமுத்துவின் மனைவி.

"மூணு வாரமா ஒரு வண்டி வரல. பஞ்சர் பாக்கக்கூட ஆள் இல்ல. இன்னைக்கு நாலு மணிக்குக் கடைச் சாவியை ஓனர்ட்ட குடுத்துட்டுத் திருப்பூருக்குப் போறோம். அங்க எங்கண்ணன் ஒரு பனியன் கம்பெனில வாட்ச்மேன் வேலை பேசியிருக்காரு. இருபத்தாறு வருசம் இஞ்சின் புடிச்ச கை, இனிமே கேட்டைத் தொறந்து மூடப் போகுது."

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவர் எடுத்தாருன்னா நிரூபிச்சுக் குடுங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிர்றோம். எடுக்கலேன்னா, நாலு மணிக்குள்ள நீங்களே வந்து சொல்லணும். நீங்க போட்ட பழியை நீங்கதான் எடுக்கணும்."

வந்த வேகத்திலேயே போய்விட்டாள்.

மூலையில் இருந்து ஒரு செருமல். அது ரோஜா, என் உதவியாளர். என்னிடம் வருவதற்கு முன் பதினைந்து வருடம் ஏலக்காய் தரம் பிரித்தவள். எட்டு மில்லிமீட்டர் காயில் ஒரு நூல் குறைந்தாலும் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிடுவாள். என்னிடம் குறை கண்டுபிடிக்க அவளுக்கு அவ்வளவு சிரமம்கூட வேண்டாம்.

"அண்ணே, அந்தக் கார்புரேட்டரை நீங்க பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? சர்வீசு திங்கக்கிழமை. கோளாறு வியாழக்கிழமை. நடுவுல வேற யாரும் கைவைக்கல."

"பானட்டைத் தொறந்து பாத்தீங்களான்னு கேட்டேன்."

"சீல் வச்சேன்."

"பாக்காமலேயா?"

"தடயத்தை யாரும் தொட்டுறக் கூடாதுன்னு..."

"தொடலண்ணே. உங்களையும் சேத்து யாருமே தொடல."

அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எனக்குக் காது மடல் சுட்டது. துப்பறிகிறவன் என்று போர்டு மாட்டியவன், ஒரு பானட்டைத் திறந்து பார்க்காமல் ஒருத்தர் பிழைப்பை மூடியிருக்கிறேன்.

* * *

சிலமலையில் பால்ராஜ் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்துக் கூரையின் கீழ் பியட் நின்றது. பானட்டின் மேல் நான்கு பட்டையாக என் காகித சீல். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. இரண்டு கையெழுத்தின் மேல் கோழி எச்சம்.

"கோழிக்கும் உங்க மேல மரியாதை போல," என்றாள் ரோஜா.

"தண்ணிகூட ஊத்திக் கழுவலங்க," என்றார் பால்ராஜ். ஐம்பது வயது விவசாயி. பேச்சில் எப்போதும் ஒரு தயக்கம் இருக்கும். "நீங்க தொடாதீங்கன்னு சொன்னீங்கள்ல."

சீலைக் கிழித்தேன். பானட்டைத் தூக்கினேன். ரோஜா துணியால் கார்புரேட்டரைத் துடைத்தாள். இரண்டு துடைப்புத்தான். நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, இதுல பேர் வெட்டியிருக்கு."

குனிந்து பார்த்தேன். புள்ளி புள்ளியாக, எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டுவார்களே அதே மாதிரி, 'சி.பா.' என்று இருந்தது, சிலமலை பால்ராஜ். ரேடியேட்டரில் ஒன்று. டைனமோவில் ஒன்று. பேட்டரி மூடியில் ஒன்று.

"எங்கய்யா வேலைங்க அது," என்றார் பால்ராஜ். "வண்டி வாங்குன வாரமே பாத்திரக்கடை ஆளைக் கூட்டியாந்துட்டாரு. கல்யாண வீட்டுக்குக் குடுத்த அண்டாவே மாறிப்போகுது, இது மாறாதான்னு சொல்லி, இஞ்சின்ல கையில அகப்பட்டதுல எல்லாம் என் பேரை வெட்ட வச்சுட்டாரு. ஜாக்கிலகூட இருக்கு."

"அப்ப இது உங்க வண்டியோட பழைய கார்புரேட்டர்தான்," என்றாள் ரோஜா.

"ஆமா."

"மூணு வாரமா இதை ஏங்க சொல்லல?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

பால்ராஜ் என்னைப் பாவமாகப் பார்த்தார். "நீங்க துப்பறியுற ஆளு. அதெல்லாம் பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. காலை பத்தே காலுக்கு என் திருட்டு வழக்கு செத்துவிட்டது.

"சரி, இப்பவே போய்ச் சொல்லிர்றேன், திருடலன்னு," என்று கிளம்பினேன்.

ரோஜா நகரவில்லை. "வண்டி இன்னும் நடுங்குதுல்ல? திருடலன்னு மட்டும் சொன்னீங்கன்னா, அப்ப வேலை தெரியாதவருன்னு பேராகும். மெக்கானிக்குக்கு அதுக்கு முதல் பேரே தேவலை. என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சுக் கொண்டுபோங்க."

அவள் சொன்னது சரி. சாவியைத் திருப்பினேன்.

ஏழு தடவை செல்ஃப் அடித்தும் வண்டி இருமியது, அவ்வளவுதான். எட்டாவது தடவை சோக்கை முழுசாக இழுத்துப் பிடித்து அடித்தேன். பிடித்துக்கொண்டது. சோக்கை உள்ளே தள்ளியதும் காய்ச்சல்காரன் மாதிரி உதறி அணைந்தது. மறுபடி சோக், மறுபடி ஸ்டார்ட். இந்தத் தடவை ஆக்சிலேட்டரை மிதித்தேன். ஒரு குறையும் இல்லாமல் கணீரென்று ஓடியது. காலை எடுத்ததும் பழைய உதறல்.

துப்பறிய வருவதற்கு முன் பதினொரு வருடம் மலையில் ஜீப் ஓட்டியவன் நான். இது எனக்குப் புரியாத பாஷை இல்லை.

"மிதிச்சா நல்லா ஓடுது. அப்ப பிளக்குல, பம்புல கோளாறு இல்ல. சோக் இழுத்தா அணையாம ஓடுது. சோக்கு காத்தைக் குறைச்சுப் பெட்ரோலைக் கூட்டும். அப்ப, சும்மா நிக்கும்போது இதுக்குப் பெட்ரோல் பத்தல. அந்தப் பெட்ரோல் வழியில மட்டும் யாரோ கைவச்சிருக்கான்."

"சின்னமுத்து அண்ணன்?"

"இல்ல. அவர் சர்வீசு முடிச்சு ரெண்டு நாளும் வண்டி பால் மாதிரி ஓடுச்சு. புதன்கிழமை பால்ராஜ் குடும்பத்தோட மேல எஸ்டேட்டுக்குக் காதுகுத்துக்குப் போனோம். வளைவுல ஓட்ட இவருக்குப் பயம். நான்தான் ஓட்டிட்டுப் போனேன். அருமையா ஏறுச்சு."

"நடுவுல யாரும் கைவைக்கலன்னீங்க?"

"நான் ஓட்டுனது அந்தக் கணக்குல வராது," என்றேன்.

ரோஜா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்னைக்கு மலை மேல போடிமெட்டுல அமாவாசை டீக்கடை வாசல்ல வண்டி அஞ்சு மணி நேரம் தனியா நின்னுச்சு. நாங்க எஸ்டேட் ஜீப்புல உள்ள போயிட்டோம். அங்கதான் எவனோ பானட்டைத் தொறந்திருக்கான். வா, வெரசாப் போவோம். இந்த வண்டியிலயே போவோம்."

பால்ராஜ் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "பாத்துப் போங்க," என்றார். அதை வண்டிக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா தெரியவில்லை.

* * *

மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்டில் வண்டி அணைந்தது. சோக்கை இழுத்து, கெஞ்சி, கிளப்பினேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு லோடு ஜீப்புக்கு வழிவிட நின்றபோதும் அணைந்தது.

ஒன்பதாவது வளைவில் ஒரு பஸ்சுக்காக நின்றோம். அணையவில்லை. உதறியது, ஆனால் தாக்குப்பிடித்தது. பதின்மூன்றாவது வளைவில் சோக்கை முழுக்க உள்ளே தள்ளினேன். வண்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"என்னண்ணே, ஏற ஏற உடம்பு தேறுது?" என்றாள் ரோஜா.

போடிமெட்டில் பனி இறங்கியிருந்தது. அமாவாசை டீக்கடை வாசலில், இஞ்சினை அணைக்காமல் இறங்கினோம். ரோஜா உள்ளே போய் ஒரு கிளாஸ் டீ வாங்கி வந்து பானட்டின் மேல் வைத்தாள். மூன்று வாரமாக வலிப்பு வந்தது போல் ஆடிய வண்டி, டீயின் மேல் ஆடையைக்கூட அசைக்காமல் நின்றது.

"கீழ காய்ச்சல், இங்க சௌக்கியம். மலைக்காத்து சேருது போல," என்றாள்.

அந்த நிமிஷம் எனக்கு விளங்கிவிட்டது. கையைத் தட்டினேன்.

"இது மலைக்கு வச்ச செட்டிங், ரோஜா! மேல காத்து லேசு. கீழ வச்ச அளவுலயே பெட்ரோல் போனா இங்க ஜாஸ்தியாயிடும். இஞ்சின் குமட்டும், பெட்ரோல் வாடை அடிக்கும். அதனால பழைய மலை டிரைவருங்க மெட்டுக்கு வந்ததும் கார்புரேட்டர்ல இருக்குற மிக்சர் ஸ்க்ரூவை அரைச் சுத்து உள்ள குடுப்பாங்க. பெட்ரோல் குறையும், சும்மா நின்னாலும் இஞ்சின் அணையாது. திரும்பி இறங்கும்போது முந்தல்ல நிறுத்தி, அந்த அரைச் சுத்தை வெளிய குடுத்துறணும். குடுக்காம விட்டா, கீழ பெட்ரோல் பத்தாது. காலையில ஸ்டார்ட் ஆகாது, நின்னா நடுங்கும்."

பானட்டைத் திறந்து காட்டினேன். எல்லாவற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும். அந்த ஒரு ஸ்க்ரூவின் தலையில் மட்டும் புதிதாகக் கீறிய பளபளப்பு.

"பாத்தியா? இங்க வச்சு எவனோ அரைச் சுத்துக் குடுத்திருக்கான். குடுத்தவன் திருப்பிக் குடுக்கல. ஒரு சின்னச் சோலி. முந்தல்ல அரை நிமிசம் நின்னாப் போதும். அதைச் செய்யத் துப்பில்லாத மடப்பய, அவனால ஒரு மனுசன் கடையை மூடுறான். அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்!"

ரோஜா ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டீக்கடைக்குள் போனேன். அமாவாசை என் ஜீப் காலத்துச் சேக்காளி. பாய்லருக்குப் பின்னால் நின்று பால் ஆற்றிக்கொண்டிருந்தான்.

"அமாவாசை, நல்லா யோசிச்சுச் சொல்லு. காதுகுத்து அன்னைக்கு இந்த பியட் பானட்டை யாரு தொறந்தது?"

ஆற்றுவதை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"என்னப்பா, வெளையாடுறியா?"

"ஒருத்தர் பொழப்பு இதுல இருக்கு. பயப்படாமச் சொல்லு."

"நீதான் தொறந்தே."

"என்னது?"

"வந்து நின்ன ஒடனே, பெட்ரோல் வாடை அடிக்குதுன்னு தொறந்தியே. ஸ்க்ரூடிரைவர் இல்லேன்னு என்கிட்ட ஒரு கரண்டிக் காம்பு வாங்கித் திருகுனே. வண்டிய மாத்துனாலும் பழக்கம் மாறலையேன்னுகூடக் கேட்டேன். ஈன்னு சிரிச்சே. அந்தக் காம்பை இன்னும் நீ திருப்பித் தரல."

வாசலில் கார் கதவு திறக்கிற சத்தம். ரோஜா டாஷ்போர்டுக்குள் கையை விட்டு, முனை தட்டையான ஒரு கரண்டிக் காம்பை எடுத்தாள். அதை என்னிடம் நீட்டவில்லை. அமாவாசையிடம் கொடுத்துவிட்டாள்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பதினொரு வருடம் தினமும் செய்த காரியம். மெட்டுக்கு வந்தால் கை தானாகப் போகும். செய்தது மனசில் தங்கவே தங்காது. இறங்கும்போதும் அப்படித்தான், முந்தலில் கை தானாக அதைத் திருப்பியிருக்கும். ஆனால் அன்றைக்கு இறங்கும்போது போன் வந்தது. காணாமல் போன ஏலக்காய் மூட்டைகளை நான் கண்டுபிடித்த கதையை ஒரு யூடியூப் சேனல்காரர் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மழையில், நான்காவது வளைவிலிருந்து போடி வரைக்கும் என் பெருமையை நானே பேசிக்கொண்டு வந்தேன். முந்தல் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது.

அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சற்று முன் மடப்பய என்று நான் திட்டியது என்னைத்தான். வெட்கம் என்றால் என்ன என்று அறுபது வயது வரை எனக்குச் சரியாகத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது.

* * *

இறங்கும்போது ஐந்தாவது வளைவில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கேவலமான யோசனை. எவனோ ஒரு மலை டிரைவர் தெரியாமல் திருகிவிட்டான் என்று சொன்னால் போதுமே. சின்னமுத்துவுக்கும் பேர் திரும்பும். எனக்கும் ஒன்றும் ஆகாது. உண்மைக்கும் ரொம்ப தூரம் இல்லை, நானும் மலை டிரைவர்தானே.

"எவனோன்னு சொல்லப் போறீங்களா?" என்றாள் ரோஜா, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே.

கியரை மாற்றினேன்.

முந்தலில் வண்டியை ஓரம் கட்டினேன். வண்டி மறுபடி நடுங்க ஆரம்பித்திருந்தது. பானட்டைத் திறந்தேன். அரை நிமிஷ வேலை.

"திருப்பிருங்கண்ணே. ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. எனக்கும் அமாவாசைக்கும் தவிர."

ஸ்க்ரூவைப் பார்த்தேன். பானட்டை மூடினேன். என் கை பட்டு அது சரியாகக் கூடாது என்று தோன்றியது.

போடி கடைத்தெருவில் மூன்று இடத்தில் அணைந்தது. பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவர் எட்டிப் பார்த்து, "சின்னமுத்து ரிப்பேர் பண்ணுன வண்டியாண்ணே?" என்று கேட்டுச் சிரித்தார். நான் ஆரம்பித்து வைத்த சிரிப்பு அது.

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடையில், சின்னமுத்து ஸ்பேனர்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மெலிந்துபோயிருந்தார். கற்பகம் சுவரில் இருந்த சாமி படத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். கடை ஓனர் சாவிக்காக வாசலில் நின்றார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

வண்டியை வாசலில் நிறுத்தினேன். நடுங்கியது. இறங்கினேன்.

"கார்புரேட்டர் மாறல. பால்ராஜ் பேர் வெட்டுன அதே கார்புரேட்டர்தான் இருக்கு. மெட்டுல மிக்சர் ஸ்க்ரூவை அரைச் சுத்துத் திருகி, இறங்கும்போது திருப்பாம விட்டதுதான் கோளாறு." பானட்டின் மேல் கையை வைத்தேன். "திருகுனது நான்."

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் அவரை அதட்டினார்.

சின்னமுத்து சாக்கைப் பிரித்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பானட்டைத் திறந்து, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே அரைச் சுற்று வெளியே விட்டார். நடுக்கம் நின்றது. இஞ்சின் சீராக முனகியது. மூன்று வாரத் துன்பம் அரை நிமிஷம்கூட எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்ணே," என்றார்.

"எது?"

"காதுகுத்துக்கு மேல போயிட்டு வந்த வண்டி, நீங்க ஓட்டுன வண்டின்னு பால்ராஜ் அண்ணன் சொன்னப்பவே தெரியும். மலை டிரைவரு பழக்கம் எனக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா!"

"திருடன்னு பேர் வாங்குனவன் சொல்லி யார் கேப்பா? உங்க மேல பழியைப் போடுறேன்னு சொல்லுவாங்க." ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்தார். "ஒருக்கா பானட்டைத் தொறந்து பாப்பீங்க, வந்துருவீங்கன்னு நெனச்சேன். தெனமும் ரோட்டைப் பாத்தேன். அப்பறம் விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"சாவியைக் குடுக்காதப்பா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அதை இவளைக் கேளுங்க. நாலு பேர் பேச்சைக் கேட்டது நான் இல்ல, இவதான்."

கற்பகம் என் சட்டைப் பையில் இருந்த போனைப் பார்த்தாள். புரிந்துகொண்டு எடுத்தேன். அதே வாட்ஸ்அப் குழு. அழுத்திப் பிடித்துப் பேசினேன்.

"எல்லாருக்கும் வணக்கம். சிலமலை பியட் விசயத்துல சின்னமுத்து மேல எந்தத் தப்பும் இல்ல. வண்டியில சின்ன செட்டிங் கோளாறு. தவறுதலா ஒரு பேச்சு வந்துருச்சு, வருத்தம் தெரிவிச்சுக்கிறேன்."

அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். ரோஜா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள் கற்பகம்.

"ம்?"

"கோளாறு இருந்துச்சாம். பேச்சு வந்துருச்சாம். யாரு செஞ்சா, யாரு பேசுனா? அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் பேரை நீங்க ஒம்பது தடவை சொன்னீங்க. ராத்திரி தூக்கம் வராம எண்ணிப் பாத்திருக்கேன். ஒம்பது."

ஓனர் சாவிக்குக் கையை நீட்டினார். "பொறுங்கண்ணே," என்று அவரை நிறுத்தினாள். "இவரு பேசி முடிக்கட்டும்."

மறுபடி போனை அழுத்தினேன்.

"நான் துப்பறியும் பாண்டித்துரை பேசுறேன். அந்த ஸ்க்ரூவைத் திருகுனது பாண்டித்துரை." கற்பகம் இரண்டு விரலை மடக்கினாள். "திருப்ப மறந்தது பாண்டித்துரை. பானட்டைத் தொறந்து பாக்காம சீல் வச்சது பாண்டித்துரை. மெக்கானிக் சின்னமுத்துவைத் திருடன்னு உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னது பாண்டித்துரை..."

ஏழாவது தடவை என் பெயர் வரும் இடத்தில் நிறுத்தினேன். கற்பகம் கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். ஒன்பதாவது விரல் மடங்கியது.

அவள் சின்னமுத்துவின் கையிலிருந்த கடைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு கீழே இறக்கி வைத்திருந்த சாமி படத்தைத் துடைத்து, மறுபடி ஆணியில் மாட்டப் போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை.